கோயில் கதவுக்கு எதைப் பூசுவது? குங்கிலியத்திலிருந்து தண்ணீர் பாலியூரித்தேன் வரை ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

கும்பாபிஷேகத் திருப்பணி வேலையில நம்ம தொண்டூழியர் குழுவுக்கு இந்த முறை மர வேலை வந்திருக்கு. ராஜகோபுர வாசல் கதவு, உள் மண்டபக் கதவு, பல்லக்கு, பழைய மயில் வாகனம், இன்னும் சில பெஞ்சு, அலமாரி. சுரண்டித் தேய்த்து முடித்தபிறகு மேலே என்ன பூசுறது என்பதில்தான் ரெண்டு கட்சி. பெரியவங்க, "எப்பவும் அடிக்கிற வார்னிஷையே அடிங்கப்பா" என்றார்கள். இளையவங்க, "இப்ப தண்ணியில கரைச்ச பாலியூரித்தேன் வந்திருக்கு, வாடையே இல்ல" என்றார்கள். நடுவுல ஒரு அம்மா கேட்டாங்க: "மரத்துக்கு எதிரியே தண்ணிதானே, அதையே மரத்து மேல பூசுனா எப்படி?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. மனுசன் மரத்துக்கு எதையெல்லாம் பூசிப் பார்த்தான், ஏன் ஒவ்வொன்றையும் விட்டு அடுத்ததுக்குப் போனான் என்று தெரிஞ்சாத்தான் பதில் புரியும். அதனால நாங்கள் தேடிப் படிச்சதையும் வேலையில பார்த்ததையும் இங்கே சேர்த்து எழுதுகிறோம்.

🪵 முதலில் மரம்

இந்த மண்ணில் நம்ம முன்னோர் கட்டிய முதல் கோயில்கள் பெரும்பாலும் மரமும் அத்தாப்புக் கூரையும்தான். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827-இல் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அங்கே வாசலில் சின்னச் சின்ன மணிகள் பதித்த பெரிய மரக் கதவைப் பார்க்கலாம். பத்துமலையில் மேல் குகைக்கு ஏற 1920-இல் முதலில் போட்டது மரப் படிக்கட்டு. வெயில், மழை, கரையான், கால் தேய்மானம் எல்லாம் சேர்ந்து மரத்தை எப்படித் தின்னும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு அது சிமெண்டுப் படியானது.

ஆனால் எல்லா மரமும் ஒன்றல்ல. மலாயாவின் செங்கால் மரம் வெளியில் நின்றாலும் பல்லாண்டு தாங்கும். பழைய கோயில் கதவுகள் சிலது செங்கால், சிலது பர்மா தேக்கு. அந்த அகலப் பலகையை இன்றைக்குப் போய் எந்த மரக்கடையில கேட்டாலும் தலையைச் சொறிவார்கள். அதனால பழைய கதவில் கை வைக்கும்போது கவனம் வேணும். கெட்டுப்போனா இன்னொன்று வாங்கிக்கலாம் என்கிற சரக்கு இல்ல அது.

🪵 குங்கிலியமும் டாமாரும்

மரத்தைக் காக்க மனுசன் முதலில் எடுத்தது மரத்தின் பிசினையே. நாம் கோயிலில் புகைக்கிற குங்கிலியம் இருக்கே, அது ஒரு மரப் பிசின். திருக்கடவூரில் குங்கிலியப் புகை போடுவதையே தொண்டாகச் செய்த குங்கிலியக் கலய நாயனார் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிசின் தரும் சால் மரமும், வெள்ளைக் குங்கிலிய மரமும், இங்கே உள்ள செங்கால் மரமும் ஒரே தாவரக் குடும்பம். செங்கால் மரத்தில் வடியும் பிசினுக்கு மலாயில் டாமார் பெனாக் என்று பேர். வெள்ளைக்காரன் காலத்தில் வார்னிஷ் செய்ய இங்கிருந்து கப்பலில் போன சரக்கு அது. மலாய் மீனவர்கள் டாமாரை எண்ணெயில் குழைத்துப் படகு இடுக்கை அடைத்தார்கள்.

யோசித்துப் பாருங்க. நம்ம வாசல் கதவு செங்கால். அந்தக் காலத்து வார்னிஷிலும் செங்கால் பிசின் கலந்திருக்கலாம். அதே குடும்பத்துப் பிசின்தான் உள்ளே புகையாப் போகுது.

ஆனா குறை உண்டு. டாமார் படலம் மென்மையானது, சுரண்டினால் வந்துவிடும். நாளாக ஆக மஞ்சளாகும்.

🪵 அரக்கு

அடுத்தது இந்தியாவின் கொடை. அரக்குப் பூச்சி மரக்கிளையில் கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழ்ந்து, தன் மேல் பிசினைச் சுரந்து மூடிக்கொள்ளும். அதைச் சுரண்டி, உருக்கி, வடிகட்டினால் அரக்கு. மகாபாரதத்து அரக்கு மாளிகை நினைவிருக்கும். அரக்கு எவ்வளவு சுலபமா தீப்பிடிக்கும் என்பது அந்தக் கதையிலேயே இருக்கு. லாக்ஷா என்ற வடசொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் லாக், ஷெல்லாக், லேக்கர், வார்னிஷ் கடையில் கேட்கிற பல பேர்களும் வந்தன.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பந்தால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற முறை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. பிரெஞ்சு பாலிஷ் என்பது அதுதான். நம்ம தாத்தா காலத்து கிராமபோன் இசைத்தட்டும் அரக்கில் செய்ததே. 1924-இல் ராஞ்சி பக்கத்தில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கூடம் திறந்தார்கள். அவ்வளவு பெரிய வியாபாரம்.

அரக்கின் நல்ல குணம் ரெண்டு. ஒன்று, எந்த மரத்திலும் நன்றாக ஒட்டும். ரெண்டு, வேண்டாம் என்றால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். இந்த ரெண்டாவது குணத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும். கெட்ட குணம்: தண்ணீர் நின்றால் வெள்ளை வளையம் விழும். சூடு பட்டால் இளகும். அபிஷேகத் தண்ணியும் கற்பூரத் தட்டும் புழங்குற இடத்தில் அது நிக்காது.

🪵 எண்ணெய் வார்னிஷ்

ஆளி விதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது மாதிரி இல்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மெல்ல மெல்ல இறுகித் தோலாகும். அதோடு பிசினைச் சேர்த்துக் காய்ச்சி, டர்பன்டைனில் இளக்கினால் எண்ணெய் வார்னிஷ். பல நூற்றாண்டு உலகம் ஓடியது இதில்தான். 1920-களில் அமெரிக்க வேதியியலாளர்கள் எண்ணெயோடு செயற்கைப் பிசினைச் சேர்த்து அல்கைடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெரியவங்க சொல்ற "எப்பவும் அடிக்கிற வார்னிஷ்" பெரும்பாலும் இந்த அல்கைடுதான்.

இது மரத்துக்கு ஒரு தேன் நிறம் தரும். உண்மையிலேயே அழகா இருக்கும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இதைத் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். கோயில் ஸ்டோரில் கற்பூரமும் நெய்யும் தின்னரும் ஒரே இடத்தில் இருக்கு. தயவுசெய்து துணியை விரித்து வெளியே காயப் போடுங்க, இல்லன்னா மூடி உள்ள இரும்பு டின்னில் தண்ணியில அமுக்கி வைங்க.

🪵 லேக்கர்

1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து வெடிபஞ்சு செய்தார். அதன் சாதுவான தம்பிதான் நைட்ரோசெல்லுலோஸ். முதல் உலகப் போருக்குப் பிறகு இதையே கரைத்துச் சாயமாக்கினார்கள். 1923-இல் டூபாண்ட் கம்பெனியின் டியூகோ லேக்கர் வந்தபோது, வாரக்கணக்கில் காய்ந்த காரின் சாயம் சில மணி நேரத்தில் காய்ந்தது. தளவாடத் தொழிலும் உடனே பிடித்துக்கொண்டது. நம்ம ஜொகூர் மூவார் தளவாடத் தொழிற்சாலைகளில் இன்றைக்கும் என்.சி. லேக்கர் என்றால் தெரியாதவர் கிடையாது.

இது காய்வது வெறும் தின்னர் ஆவியாவதால். டின்னில் இருப்பதில் பெரும் பங்கு தின்னரே. அதாவது காசு கொடுத்து வாங்குற சரக்கில் பாதிக்கு மேல் காற்றில் போகும், அடிக்கிறவர் நெஞ்சிலும் போகும். தலை சுற்றல், வாந்தி, கண் எரிச்சல் எல்லாம் சாயம் அடிக்கிறவங்களுக்குப் பழகிப்போன விஷயம். "பழகிருச்சு" என்று அவர்கள் சிரிச்சுக்கிட்டே சொல்வதுதான் நமக்கு வருத்தம்.

🪵 1937, லெவர்குசன்

இப்போது பாலியூரித்தேன். 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் நைலானைச் செய்தார். அதற்குப் போட்டியாக ஒரு நாரைத் தேடியவர் ஜெர்மனியில் லெவர்குசன் ஊரில் வேலை பார்த்த ஓட்டோ பாயர். (பாயர் கம்பெனியை ஆரம்பித்த குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை, பேர் மட்டும் ஒன்று.) 1937-இல் அவர் குழு ரெண்டு பொருளைச் சேர்த்தது. ஒன்று டைஐசோசயனேட், இன்னொன்று பாலியால். ரெண்டும் கை கோத்துச் சங்கிலியாக நீளும். அதுதான் பாலியூரித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் அதோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கக்கும். ஆரம்பத்தில் வந்த சரக்கெல்லாம் குமிழி குமிழியாக இருந்தது. ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி செய்யத்தான் இது லாயக்கு என்று கூட வேலை செஞ்சவங்க கிண்டல் பண்ணியதாகக் கதை. அந்தக் குமிழியே பிறகு நாம படுக்கிற மெத்தை நுரையானது. குமிழி இல்லாத வகை, போருக்குப் பிறகு தரை, கப்பல், தளவாடம் எல்லாவற்றுக்கும் பூச்சானது. சுரண்டினால் கீறல் விழாது, தண்ணி நின்றாலும் வெளுக்காது, சாராயம் கொட்டினாலும் கரையாது.

இப்ப அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் பெரிசாகுது. மரத்துக்குத் தண்ணி ஆகாது. பாலியூரித்தேன் மூலப்பொருளுக்கும் தண்ணி ஆகாது. அப்புறம் எப்படித் தண்ணீர்ப் பாலியூரித்தேன்?

🪵 பதில் நம்ம தோட்டத்தில் இருக்கு

பால் வெட்டினவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமா புரியும்.

ரப்பர் பால் என்பது என்ன? தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய ரப்பர் துளிகள். ரப்பர் தண்ணீரில் கரையாது, ஆனா துளித்துளியாக மிதக்கும். ஒவ்வொரு துளியின் மேலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அமோனியா விட்டால் பால் கெடாமல் தண்ணியாவே இருக்கும். அமிலம் விட்டால் திரிந்து கட்டியாகும். மங்கில் ஒட்டிக் காய்ந்தது வெள்ளையாக இருக்காது, கண்ணாடி மாதிரித் தோலாகிவிடும். அந்தத் தோலைத் திரும்பத் தண்ணியில போட்டால் பால் ஆகுமா? ஆகாது.

தண்ணீர்ப் பாலியூரித்தேனும் அச்சு அசல் இதுதான். ஐசோசயனேட் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, சங்கிலியை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். அந்தச் சங்கிலியில் அங்கங்கே தண்ணீரை விரும்புகிற அமிலத் துண்டுகளைத் தொடுத்து, அமோனியாவின் உறவான அமீனால் சமன்செய்து, பிறகு தண்ணீரில் கலக்குகிறார்கள். 1960-களில் தேறிய தந்திரம் இது. டின்னைத் திறந்தால் பால் மாதிரி வெள்ளை. பூசியபின் தண்ணீர் ஆவியாகும், துளிகள் நெருங்கி, அமுங்கி, ஒன்றோடொன்று உருகி ஒட்டும், தெளிவான தோலாகும். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது.

ஆக, தண்ணீர் மரத்தில் தங்குவதற்காக வரவில்லை. சரக்கைச் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போகிற லாரி அது. 😊

"ஐசோசயனேட் என்றால் போபால் விஷவாயு ஆச்சே" என்று ஒருத்தர் குழுவில் பயந்து எழுதியிருந்தார். 1984-இல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், பூச்சிமருந்து செய்ய வைத்திருந்தது. வேறு பொருள். ஒற்றை டின்னில் வரும் தண்ணீர்ப் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் வேலை முன்பே முடிந்துவிட்டது. ஆனால் ரெண்டு டின்னாக வந்து தனியா ஹார்ட்னர் கலக்குகிற வகை வேறு. அதில் உயிருள்ள ஐசோசயனேட் இருக்கலாம், அது ஆஸ்துமா வரவைக்கும். அதைத் தொண்டூழியர் கையில் கொடுக்க மாட்டோம்.

🪵 உலகம் ஏன் மாறியது

தண்ணீர் வகை உடனே யாருக்கும் பிடிக்கவில்லை. ஆரம்ப காலச் சரக்கு மரத்தில் நீலம் பாய்ந்த மாதிரித் தெரிந்தது, நீடிக்கவும் இல்லை. அதை வளர்த்துவிட்டது சட்டம்.

1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் மூடியது. ஹாகன்-ஸ்மித் என்ற அறிவியலாளர், பெட்ரோல் ஆவி போன்ற பொருள்கள் காற்றில் வெயிலோடு சேர்ந்துதான் இந்தப் புகை பிறக்கிறது என்று காட்டினார். சாயக் கரைப்பானும் அதே சாதி. 1966-இல் அந்த வட்டாரம் கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 1998-இல் அமெரிக்கா முழுவதற்கும் வார்னிஷில் லிட்டருக்கு 450 கிராம் கரைப்பான்தான் உச்சம் என்று வந்தது. ஐரோப்பா 2004-இல் சட்டம் போட்டு, 2010-லிருந்து தண்ணீர் வகை மர வார்னிஷுக்கு லிட்டருக்கு 130 கிராம் என்று குறைத்தது. கம்பெனிகள் வேறு வழியில்லாமல் தண்ணீர் வகையைத் திருத்தித் திருத்தி நல்ல சரக்காக்கின. அந்தச் சரக்குதான் இன்றைக்கு நம்ம ஹார்ட்வேர் கடை அலமாரிக்கு வந்திருக்கு.

130 கிராம் என்றாலும் அது பூஜ்ஜியம் இல்லை. துளிகள் உருகி ஒட்டுவதற்குக் கொஞ்சம் கரைப்பான் வேணும். வாடை குறைவு என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காதீங்க.

🪵 நம்ம ஊர் ஈரம், நம்ம ஊர் மரம்

சட்டம் பிறந்தது வறண்ட ஊரில். நம்ம ஊரில் காற்றே பாதி தண்ணி. இங்கே தண்ணீர் மெல்லத்தான் ஆவியாகும். மழை பெய்த சாயங்காலம் பூசினால் துளிகள் சரியாக ஒட்டாமல் படலம் பால் மங்கலாக நின்றுவிடும். அதனால காலை பத்து மணிக்கு மேல், வெயில் இருக்கும்போது, மின்விசிறிக் காற்று நேராப் படாமல் வேலை செய்யணும்.

நாங்கள் கைக்கொள்ளும் முறை:

✅ எண்ணெய், நெய், விளக்குக் கரியை முதலில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும், வெளியில் வைத்து, பக்கத்தில் விளக்கு இல்லாமல். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்தாக உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கு. நெய் ஊறிய மரத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது.

✅ தண்ணீர் பட்டால் மர நார் எழுந்து சொரசொரப்பாகும். அதனால ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, காய்ந்தபின் 220 உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டுப் பிறகு பூசணும்.

✅ ஸ்டீல் வூல் கூடவே கூடாது. ஒரு துகள் மாட்டினாலும் துரு பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும்.

✅ டின்னைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். கட்டையால் மெல்லக் கிளறுங்க. பிரஷ் செயற்கை இழையா இருக்கட்டும். முடி பிரஷ் தண்ணியில் ஊறித் தொங்கிவிடும்.

✅ மெர்பாவ், செங்கால் மாதிரி மரத்தில் சிவப்புச் சாறு இறங்கும். முதலில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை, அது காய்ந்தபின் மேலே பாலியூரித்தேன். பழசு அடியில், புதுசு மேலே.

✅ ரப்பர் மரப் பெஞ்சுக்கு இது ரொம்பப் பொருத்தம். வெள்ளை மரம் மஞ்சளாகாமல் அப்படியே இருக்கும். பால் நின்றபிறகு விறகாகப் போன அந்த மரம் இப்போது தளவாடமாகி நம்ம மண்டபத்தில் நிக்குது.

✅ வெயில் படும் கதவுக்கு வெளிப்புற வகைதான் வாங்கணும். உள் வகை சீக்கிரம் உரியும்.

🪵 கடைசியா, முடிவு என்ன?

வாசல் கதவு, மண்டபக் கதவு, பெஞ்சு, அலமாரி: தண்ணீர் பாலியூரித்தேன். தினமும் ஆயிரம் கை தொடுகிற இடம், தண்ணி தெறிக்கிற இடம், சுற்றிலும் குழந்தைகள் ஓடுகிற இடம். இளையவங்க சொன்னது சரி.

பழைய மயில் வாகனம்: பாலியூரித்தேன் கிடையாது. பெரியவங்க தயங்கியதில் நியாயம் இருக்கு. பாலியூரித்தேனை ஒருமுறை பூசினால் கரைத்து எடுக்க வழியில்லை, சுரண்டத்தான் வேணும். சுரண்டினால் ஆசாரி செதுக்கிய இறகும் பழைய வர்ணமும் சேர்ந்தே போகும். அதற்குத் தூசு தட்டுவதோடு நிறுத்தி, தேவையான இடத்தில் மட்டும் அரக்கு. நமக்குப் பிறகு வருகிறவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் எடுத்துவிடக்கூடிய பூச்சையே நாம் பூசுவோம். பல்லக்கைப் பற்றி குருக்களையும் ஆசாரியையும் வைத்துப் பேசி முடிவெடுப்போம்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். தொட்டால் ரெண்டு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனா உள்ளே முழுசா இறுக மூணு நாலு வாரம் ஆகும். கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் "சும்மா ஒரு கோட் அடிச்சிடலாம்" என்று யாரும் ஆரம்பிக்காதீங்க. யாகசாலைப் புகையும் தீர்த்தமும் நெய்யும் இளசான படலத்தில் பட்டால் அத்தனை உழைப்பும் வீண். கதவு வேலை ஒரு மாதம் முன்பே முடியணும். அதற்குத்தான் இப்போதே ஆள் கேட்கிறோம்.

வருகிற ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு உப்புத்தாள் வேலை. தெரியாதவங்களும் வரலாம், சொல்லிக் கொடுக்கிறோம். பழைய துணி, முகக்கவசம் கொண்டு வாங்க. மதியச் சாப்பாடு உண்டு. தச்சு வேலை தெரிந்த பெரியவங்க இதில் ஏதாவது திருத்தம் இருந்தா கீழே எழுதுங்க, கேட்டுக்கொள்கிறோம்.


திருப்பணித் தொண்டூழியர் குழு